ஜல்லி விலையில் சேராத செலவு: கிரஷர் பக்கத்து ஊர்கள் கணக்கு எழுதும் முறை

ஒரு யூனிட் ஜல்லி என்ன விலை என்று கேட்டால் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் எந்த மேஸ்திரியும் யோசிக்காமல் சொல்லிவிடுவார். அந்த விலைக்குள் வெடிமருந்து, டீசல், ஆள் கூலி, டிப்பர் வாடகை, அரசுக்குக் கட்டிய கனிமக் கட்டணம், முதலாளியின் லாபம் எல்லாம் அடங்கிவிடும். கல்லை உடைத்து ஜல்லியாக்கும் கிரஷரை ஒட்டிய தோப்பில் தூசி படிந்து மாம்பூ பிஞ்சு பிடிக்காமல் போனது அடங்காது. ஆனால் அதற்கும் யாரோ காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் அது கேன் தண்ணீர்ச் செலவு, அடுத்த வீட்டில் போரை (ஆழ்துளைக் கிணற்றை) இன்னும் ஆழமாக்க வாங்கிய கடன். சில்லறையாகச் சிதறிக் கிடப்பதால் ஒரே ஆள் செய்த ஒரே செலவு என்று யாருக்கும் படுவதில்லை. ஆர்தர் பிகு என்ற பொருளாதார அறிஞர் 1920 வாக்கிலேயே இதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். பொருளைச் செய்கிறவர் தன் செலவில் ஒரு பங்கை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டால், சந்தை விலை பொய் சொல்லும் என்பதுதான் சாரம்.

அந்தச் சில்லறையை ஒரே இடத்தில் கூட்டுவது எப்படி என்று சொல்கிறேன். பொருளாதாரம் படித்திருக்க வேண்டாம். ஒரு நீள நோட்டு, போனில் இருக்கும் கால்குலேட்டர், ஊரில் இரண்டு தரப்பும் நம்புகிற ஒரு ஆள் போதும். கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பது கஷ்டம்.

முதலில், ஒரே ஒரு பாதிப்பை எடுங்கள்

"கிரஷர் வந்ததிலிருந்து எல்லாமே நாசம்" என்று மனு எழுதினால் அதை யாரும் இரண்டாவது வரிக்கு மேல் படிக்க மாட்டார்கள். தூசியா, தண்ணீரா, வெடி அதிர்வில் சுவர் விரிசலா, டிப்பர் ஓடி ரோடு பெயர்ந்ததா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது எதுவரை எட்டுகிறது என்று கிராம வரைபடத்தில் ஒரு கோடு போடுங்கள். விஏஓ அலுவலகத்தில் கேட்டால் சர்வே எண் வாரியாகப் பார்க்கலாம்.

சில பாதிப்புகளுக்கு இப்படிக் கோடு போடவே முடியாது. தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கழிவை வாங்கிக்கொண்டு வந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. அழுக்கு செய்தவர் ஒரு மாநிலம், அந்தத் தண்ணீரைப் பாய்ச்சுகிறவர் வேறு மாநிலம். அதெல்லாம் ஒரு ஊர் நோட்டில் முடிகிற வேலை இல்லை. குவாரி, கிரஷர், பக்கத்துத் தொழிற்சாலை மாதிரி, காரணம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருப்பதையே முதலில் எடுங்கள்.

முன்பு எப்படி இருந்தது என்பதற்குக் காகிதம்

இதுதான் கணக்கின் உயிர். "முன்னாடி நல்லா இருந்துச்சு" என்பது சாட்சி, ஆனால் பலவீனமான சாட்சி. விஏஓ வைத்திருக்கும் பயிர்ப் பதிவேடான அடங்கலில் அந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் இருந்தது என்று இருக்கும். மாங்காய் மண்டிச் சீட்டு, ராயக்கோட்டை தக்காளி மார்க்கெட் கமிஷன் சீட்டு, பால் சொசைட்டி அட்டை, போர் போட்ட கம்பெனி கொடுத்த பில் (எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று அதில் எழுதியிருப்பார்கள்) எல்லாவற்றையும் வீடு வீடாகக் கேட்டுப் போட்டோ எடுங்கள். பரணில் இருக்கும் பழைய டப்பாக்களில் நிறைய கிடைக்கும், பெண்களிடம் கேளுங்கள், அவர்கள்தான் எதையும் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது ஒப்பீட்டு ஊர். மழை அதே, மண் அதே, பயிர் அதே, கிரஷர் மட்டும் இல்லாத ஒரு ஊரைப் பக்கத்தில் பிடியுங்கள். இது இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு ஒரே வார்த்தையில் உங்களை முடித்துவிடும்: "மழை இல்லை சார்." நம் இரண்டு மாவட்டத்திலும் அது பாதி நேரம் உண்மையும்கூட. இரண்டு ஊரிலும் போர் வற்றியிருந்தால் அது வறட்சி. உங்கள் ஊரில் மட்டும் கூடுதலாக எவ்வளவு வற்றியதோ, அந்தக் கூடுதல்தான் நோட்டில் ஏறலாம்.

தண்ணீர்க் கணக்கு

இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், நம் பக்கத்தில் மறைந்த செலவில் பெரும்பங்கு இதில்தான் இருக்கிறது. குவாரிக் குழி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் கசிந்து குழியில் சேரும். கல் எடுக்க வேண்டுமென்றால் அதை மோட்டார் வைத்து இறைத்து வெளியே விட்டாக வேண்டும். இறைக்க இறைக்க அக்கம்பக்கத்துக் கிணற்று நீர் குழியை நோக்கி இறங்கும்.

மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தி, வாங்குகிற தண்ணீர். ஒரு பேச்சுக்கு, வீட்டுக்கு வாரம் இரண்டு கேன், கேன் 35 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 3,640 ரூபாய். 200 வீட்டுக்கு 7,28,000. மாதம் முந்நூறு ரூபாய் என்று பார்த்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், ஏழு லட்சம் என்றதும் கிராம சபை நிமிர்ந்து உட்காரும். குடம் தூக்கி நடக்கிற நேரத்தையும் இதே பத்தியில் எழுதுங்கள்; அந்த நேரத்துக்குக் களைவெட்டக் கொடுக்கிற கூலியை மணிக்கணக்கில் வகுத்துப் போட்டால் போதும். வீட்டுப் பெண்களின் நேரம் இலவசம் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் கணக்கு சின்னதாகத் தெரிந்தது.

இரண்டாவது, போர் ஆழப்படுத்திய செலவு. இதை மொத்தமாக ஒரே வருஷத்தில் எழுதாதீர்கள், பார்ப்பவர் உடனே பிடித்துக்கொள்வார். 1,20,000 ரூபாய் செலவு செய்த போர் எட்டு வருஷம் ஓடும் என்று வைத்தால் வருஷத்துக்கு 15,000.

மூன்றாவது, வீட்டில் யாரும் கொடுக்காத காசு. விவசாய மோட்டாருக்குக் கரண்ட் இலவசம், ஆகவே ஆழத்துக்கான செலவு விவசாயிக்குத் தெரியாது. ஆயிரம் லிட்டர் தண்ணீரை 600 அடி கூடுதலாகத் தூக்க, பம்பு ஒரு துளி நஷ்டமில்லாமல் ஓடினாலே அரை யூனிட் மின்சாரம் வேண்டும். நிஜத்தில் பாதிக்கு மேல் வீணாகிறது, ஆக ஒரு யூனிட்டுக்கு மேல் ஆகும். இதை அரசு மின்வாரியத்துக்கு மானியமாகக் கட்டுகிறது. அரசு என்றால் சோப்பு வாங்கும்போதும் வரி கட்டுகிற நாம்தான்.

அரசு தலையில் ஏறும் செலவு எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைப் பார்த்தால் போதும். தர்மபுரி மாவட்டத்தில் ஃப்ளோரைடு பாதிப்பு தலைமுறைகளாக உண்டு. குழந்தைகளுக்குப் பல்லில் காவி ஏறும், வயதானவர்களுக்கு எலும்பு வளையும், வந்தபின் பழையபடி திருப்ப முடியாது. ஃப்ளோரைடு பாறையிலேயே இருப்பது, எந்தக் கம்பெனியும் கொட்டியதில்லை. ஆனால் மேல்மட்டக் கிணறு வற்றி ஆழ்துளைக்குப் போகும்போது, பாறையோடு நெடுநாள் ஊறிக் கிடந்த தண்ணீரைக் குடிக்கிறோம். அதற்கு மாற்றாக இரண்டு மாவட்டத்துக்கும் காவிரி நீர் கொண்டுவந்த அந்தத் திட்டத்தின் மதிப்பீடு சுமார் 1,928 கோடி ரூபாய், பெரும்பகுதி ஜப்பான் கடன், 2013-ல் திறக்கப்பட்டது. கிணறு சும்மா கொடுத்துக்கொண்டிருந்ததை ஈடுகட்ட எவ்வளவு ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ரசீது கிடைக்காது.

உங்கள் ஊர்த் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதித்து அந்தக் காகிதத்தையும் நோட்டில் ஒட்டுங்கள். ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். காய்ச்சினால் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள், போகாது, தண்ணீர் சுண்டுவதால் இன்னும் செறிவாகும்.

தோப்புக் கணக்கு

பெங்களூரா ரக மாங்காய் விலை பெரும்பாலும் மாங்கூழ்த் தொழிற்சாலைகள் எவ்வளவு எடுக்கின்றன என்பதைப் பொறுத்தது. விலை விழுந்த நஷ்டத்தையெல்லாம் தூசியின் மேல் போட்டால் கணக்கு அங்கேயே செத்துவிடும். ஆகவே ரூபாயில் தொடங்காமல் கிலோவில் தொடங்குங்கள். ஒரே ரகம், ஒரே வயது மரங்கள், கிரஷருக்குப் பக்கத்தில் சில, தள்ளிச் சில, ஒரே பருவத்தில் எடை போட்டு, குறைந்த கிலோவை அந்த வருஷ மண்டி விலையால் பெருக்குங்கள். காய் குறைந்ததால் பறிகூலியும் வண்டி வாடகையும் மிச்சமாகியிருக்கும், அதைக் கழித்துவிடுங்கள். நாமாகக் கழித்துக் காட்டுகிற கணக்கை மற்றவர் நம்புவார்.

உடம்புக் கணக்கு

மருந்துச் சீட்டு, பஸ் செலவு, போன கூலி, கூட வந்தவரின் கூலி. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்த்தாலும் பின்னால் சொன்னதெல்லாம் உண்டு. கிரஷரில் வேலை செய்தவர்களுக்கு நீண்ட நாள் இருமல், மூச்சுத் திணறல் என்றால் காசநோய் மாத்திரையோடு விட்டுவிடாமல், கல்தூசியால் நுரையீரல் கெடும் சிலிகோசிஸ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டையும் குழப்பிக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் சிலிகோசிஸ் தொழில்நோயாக இருந்தது, அதற்குப் பதிலாக வந்த 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் பட்டியலிலும் இருக்கிறது, அதாவது முதலாளி இழப்பீடு தர வேண்டிய நோய். அந்தத் தொகையை ஊர் நோட்டில் சேர்க்காமல் அந்தக் குடும்பத்தின் தனிக் கணக்காகவே வையுங்கள். செத்துப்போனவருக்கு நீங்களாக விலை போடாதீர்கள்; பெயரும் வயதும் எழுதி, ரூபாய்ப் பத்தியைக் காலியாக விடுங்கள்.

எதிர்ப்பக்கத்தையும் எழுத வேண்டும்

கிரஷரில் உங்கள் ஊர் ஆட்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், டீக்கடைக்கு வரும் வியாபாரம், பஞ்சாயத்துக்கு வரும் பணம், கோயில் திருவிழாவுக்குக் கொடுத்த நன்கொடை எல்லாவற்றையும் எழுதுங்கள். ஊருக்குள் சண்டை வருவதே இந்த இடத்தில்தான், அண்ணன் தோப்பு வைத்திருப்பார், தம்பி டிப்பர் ஓட்டுவார். ஆனால் சம்பளம் முழுவதையும் வரவாக எழுத வேண்டியதில்லை. கிரஷர் இல்லாவிட்டால் அந்த ஆள் சிப்காட்டிலோ கட்டட வேலையிலோ ஏதாவது சம்பாதித்திருப்பார் அல்லவா, அதைவிட இங்கே எவ்வளவு கூடுதலோ அதுதான் வரவு.

இன்னொரு பொறி, ஒரே நஷ்டத்தை இரண்டு தடவை எழுதுவது. விளைச்சல் குறைந்ததால்தான் நிலத்தின் விலையும் குறைந்தது. இரண்டையும் கூட்டினால் தப்பு. ஏதாவது ஒன்று.

கடைசிப் பக்கத்தில், தடுப்பதற்கு என்ன ஆகும் என்றும் எழுதுங்கள். கன்வேயருக்கு மூடி, தண்ணீர் தெளிப்பான், காற்றைத் தடுக்கும் சுவர், சுற்றி மரம், டிப்பருக்குத் தார்ப்பாய். விலை விசாரித்து, ஊர் வருஷா வருஷம் கட்டுகிற தொகைக்குப் பக்கத்தில் அதை வையுங்கள். தெளிப்பானுக்கு ஆகும் காசைவிட ஊர் கட்டுவது பல மடங்கு என்று தெரிந்தால் பேச்சின் தொனியே மாறும்.

எங்கே கொண்டுபோவது

கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்குங்கள், அப்புறம் திங்கள்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளர். வாரியம் இழப்பீடு விதிக்க ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது: தொழிலின் மாசு எண், விதி மீறிய நாட்கள், ரூபாயில் ஒரு காரணி எண் (வழக்கமாக 250), தொழிலின் அளவு, இருக்கிற இடம், ஐந்தையும் பெருக்க வேண்டும். வாரியம் மாசின் அளவை வைத்துத் தொழில்களை நிறம் நிறமாகப் பிரித்திருக்கிறது, அதில் கிரஷர் ஆரஞ்சு வகை, எண் 50. சிறுதொழில் என்றால் 0.5, கிராமப்புற இடத்துக்கு 1. ஆக நாளொன்றுக்கு 6,250 ரூபாய். கவனித்துப் பார்த்தால் இதில் எத்தனை கிணறு வற்றியது, எத்தனை பேர் இருமுகிறார்கள் என்பதற்கு இடமே இல்லை. பணமும் வாரியத்துக்குத்தான் போகும். உங்கள் நோட்டு தேவைப்படுவது இதனால்தான்.

மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்று உண்டு, 2015-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்தது. குவாரிக்காரர்கள் கட்டும் பணத்தில் ஒரு பங்கு பாதிக்கப்பட்ட பகுதிக்குக் குடிநீர், மருத்துவம் என்று செலவாக வேண்டும். உங்கள் ஊருக்கு என்ன வந்தது என்று பத்து ரூபாய் செலவில் தகவல் உரிமை மனு போட்டுக் கேளுங்கள்.

வீட்டுக்கு வீடு இழப்பீடு வேண்டுமென்றால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. மாசு செய்தவரே காசு கட்ட வேண்டும் என்பதை வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே ஏற்றுக்கொண்டது, ஆகவே கொள்கைக்காக வாதாட வேண்டாம், தொகையை நிரூபித்தால் போதும். 2010-ம் வருஷத்துத் தீர்ப்பாயச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் எந்தெந்த நஷ்டத்துக்குக் கேட்கலாம் என்று தலைப்பு தலைப்பாக இருக்கிறது: மருத்துவச் செலவு, கூலி இழப்பு, சொத்துச் சேதம், பயிர், மண், வியாபாரம். நோட்டின் தலைப்புகளை முதலிலிருந்தே அதே மாதிரி வைத்துக்கொண்டால் வக்கீலுக்குப் பாதி வேலை மிச்சம். பாதிப்பு முதலில் தொடங்கிய நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் போட வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். கேட்கும் தொகையில் ஒரு சதவீதம் கட்டணம், குறைந்தது ஆயிரம் ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு இல்லை. ஐம்பது லட்சம் என்று ஆசைக்கு எழுதினால் ஐம்பதாயிரம் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும், அதனால் ரசீது இருக்கிற வரியை மட்டும் மனுவில் கூட்டி, ரசீது இல்லாததைத் தனித் தாளில் வைத்து, எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.