மக்கள் பங்களிப்பில் வளரும் தளத்தைத் தொடங்குவது எப்படி: பஸ் நேரத் தளத்தை வைத்து ஒரு செய்முறை

மென்பொருள் இன்று பெரிய தடையே இல்லை. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி, விவாத மன்றம் நடத்த உதவும் டிஸ்கோர்ஸ் இரண்டும் இலவசம். வாடகை சர்வர் ஒன்றில் ஒரே மாலையில் நிறுவிவிடலாம். சிக்கல் மறுநாள் தொடங்குகிறது. தளம் திறந்திருக்கும், எழுத ஆள் வராது.

ஏன் வருவதில்லை என்பதற்கு நல்ல சான்று விக்கிப்பீடியாவுக்கு முன் இருந்த நியூபீடியா. ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் 2000 மார்ச்சில் தொடங்கிய இலவசக் கலைக்களஞ்சியம் அது. ஒரு கட்டுரை வெளிவர ஏழு கட்டச் சரிபார்ப்பைத் தாண்ட வேண்டும். 2003 செப்டம்பரில் மூடப்பட்டபோது முழுதாகத் தேறிய கட்டுரைகள் முப்பதைக்கூட எட்டவில்லை. அதே இருவர் 2001 ஜனவரி 15 அன்று திறந்த விக்கிப்பீடியாவில் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 20,000 கட்டுரைகள் சேர்ந்தன. ஆட்களும் நோக்கமும் அவைதான். உள்ளே வருகிறவர் செய்ய வேண்டிய வேலை மட்டும் மாறியது.

கொடுப்பவருக்குச் சிரமம் ஒரு நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். பயன் அன்றைக்கே கிடைக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இதிலிருந்து வருபவைதான். எடுத்துக்காட்டாக ஒரு தாலுகா பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும் டவுன் பஸ், மினி பஸ் நேரங்களை மக்களே சேர்க்கும் தளத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் பொருள் ஏரிகளாகவோ சமையல் குறிப்பாகவோ இருந்தாலும் முறை மாறாது.

படி 1: ஒரு பங்களிப்பு என்பது எது?

கணினியைத் திறக்கும் முன் தாளில் எழுதுங்கள்: ஒருவர் ஒரு தடவையில் கொடுப்பது என்ன? ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் திட்டம் இன்னும் பெரிதாக இருக்கிறது. நம் தளத்துக்கு அது, "இந்த நிறுத்தத்துக்கு இந்த பஸ் இத்தனை மணிக்கு வரும்." கட்டணம், கூட்டம், எந்த நாளில் வராது என்பதெல்லாம் பிறகு பார்க்கலாம்.

படிவத்தில் நான்கே கேள்விகள்:

1. நிறுத்தம்: போனின் இருப்பிடத்தை வைத்து அருகில் உள்ள மூன்றைக் காட்டுங்கள். தொட்டால் போதும்.
2. வழித்தட எண் அல்லது போகும் ஊர்: அந்த நிறுத்தத்தில் ஏற்கெனவே பதிவானவை மேலே வரட்டும்.
3. நேரம்: இப்போதைய நேரம் தானாக நிரம்பியிருக்கட்டும். காலை, மாலை என்று தனிப் பொத்தான் வையுங்கள்.
4. எப்படித் தெரியும்: நேரில் பார்த்தேன், பலகையில் இருந்தது, ஒருவர் சொன்னார். மூன்றில் ஒன்று.

நான்காவது கேள்வியை வெட்டிவிடத் தோன்றும். வெட்டாதீர்கள். ஒருவர் 7.40 என்கிறார், இன்னொருவர் 7.52 என்கிறார். முதலாவது பஸ் ஸ்டாண்டுப் பலகையில் எழுதியிருக்கும் கிளம்பும் நேரம், இரண்டாவது உங்கள் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்த நேரம் என்று தெரிந்தால் இரண்டுமே சரி. தெரியாவிட்டால் இருவருக்கும் சண்டைதான். பறவை நோக்குபவர்களின் ஈ-பேர்டு தளத்திலும் இப்படி ஒரு கேள்வி உண்டு: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்துவிட்டீர்களா? ஆம் என்று ஒருவர் தொட்டால், பட்டியலில் இல்லாத பறவை அன்று கண்ணில் படவில்லை என்பதும் தகவலாகிவிடுகிறது. ஒரே ஒரு தொடுதல்தான், ஆனால் அந்தத் தரவை ஆய்வுக்குத் தகுதியாக்குவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

பெயர்களைத் தட்டச்சு செய்ய விடாதீர்கள். விட்டால் திருச்சி, திருச்சிராப்பள்ளி, ஆங்கில எழுத்தில் ஒன்று என ஒரே ஊர் மூன்றாகிவிடும். பின்னால் சேர்ப்பது பெரும்பாடு. நள்ளிரவு தாண்டி வரும் கடைசி பஸ்ஸிலும் குழப்பம் வரும்: 12.10 எந்த நாள் கணக்கு? பொதுப் போக்குவரத்துத் தரவுக்கான ஜிடிஎஃப்எஸ் முறையில் அதை முந்தைய நாளின் 24:10 என்று எழுதுகிறார்கள். உள்ளே அப்படியே சேமியுங்கள். பயணிக்கு மட்டும் 'இரவு 12.10' என்று காட்டுங்கள்.

ஒரு நிறுத்தத்துக்கு ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும், அது எல்லோருக்கும் பொது. கூகுள் 2008-இல் திறந்த நால் என்ற கட்டுரைத் தளத்தில் ஒவ்வொரு கட்டுரையும் எழுதியவரின் உடைமை. ஒரே பொருளுக்குப் பல கட்டுரைகள் தனித்தனியே கிடந்தன. 2012-இல் அது மூடப்பட்டது.

சோதனை: தளத்தைப் பார்த்தே இராத ஒருவரிடம் போனைக் கொடுத்து, நிறுத்தத்தில் நின்றபடி ஒரு பதிவு செய்யச் சொல்லுங்கள். நாற்பது விநாடிக்கு மேல் ஆனால் அவர் எங்கே தயங்கினாரோ அந்த இடத்தைக் குறைக்க வேண்டும். விளக்கவுரை எழுதிச் சேர்ப்பது தீர்வாகாது, அதை யாரும் படிப்பதில்லை.

படி 2: கொடுத்தவருக்கு அன்றைக்கே என்ன கிடைக்கும்?

பெரும்பாலான தளங்கள் சாகிற இடம் இது. "சமூகத்துக்கு உதவுங்கள்" என்ற அழைப்புக்கு ஒரு தடவை வருவார்கள், மறுபடி வர மாட்டார்கள்.

ஈ-பேர்டைப் பாருங்கள். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் 2002-இல் தொடங்கியது. முதல் சில ஆண்டுகள் அறிவியலுக்குத் தரவு தாருங்கள் என்றே கேட்டார்கள், வளர்ச்சி தேங்கியது. பிறகு, பறவை பார்ப்பவர் தம் நோட்டுப் புத்தகத்தில் எதைக் குறித்து வைப்பாரோ அதைத் தளமே செய்து கொடுத்தது. வாழ்நாளில் பார்த்த இனங்கள், இந்த மாவட்டத்தில் பார்த்தவை, இந்த ஆண்டு பார்த்தவை எல்லாம் தானாகக் கணக்காகிவிடும். அதன்பின் பதிவுகள் பெருகின. வேறு யாருமே அந்தத் தளத்தில் இல்லாவிட்டாலும் ஒருவருக்கு அது பயன்படும் என்ற நிலை வந்துவிட்டது. நீங்கள் எட்ட வேண்டிய நிலையும் அதுவே.

பஸ் தளத்தில் இதற்கு இரண்டு வசதிகள் போதும். ஒன்று, 'என் நிறுத்தம்': போனின் முகப்பில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பக்கம், அடுத்த மூன்று பஸ்கள் மட்டும் பெரிய எழுத்தில். இன்னொன்று, அந்த நிறுத்தத்தின் நேரப் பட்டியலை ஒரே ஏ4 தாளில் அச்சிடும் பொத்தான். நிறுத்தத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் அந்தத் தாள் ஒட்டப்பட்டால், போனே இல்லாதவரும் உங்கள் வாசகர். "7.40 இப்ப வர்றதில்லப்பா" என்று அவர் சொல்வதைக் கேட்டு யாராவது திருத்துவார். தாளின் அடியில் அச்சிட்ட தேதியும் அந்த நிறுத்தத்தின் கியூஆர் குறியும் கட்டாயம். தேதி இல்லாவிட்டால் ஆறு மாதப் பழைய தாள் உங்கள் பெயரைக் கெடுத்துக்கொண்டே இருக்கும்.

பதிவு செய்த உடனே அது பக்கத்தில் தெரிய வேண்டும். "பரிசீலனையில் உள்ளது" என்ற வரி புதியவரைத் துரத்தும்.

படி 3: திறக்கும் முன் நீங்களே நிரப்புங்கள்

முழு மாவட்டத்தையும் எடுக்காதீர்கள். ஒரே பஸ் ஸ்டாண்டு, அதிலிருந்து போகும் எல்லா வழித்தடமும், முழுதாக. நூறு ஊர்களில் ஆளுக்கொரு பஸ் இருக்கும் தளம் யாருக்கும் பயன்படாது. டைம் ஆபீஸில் அனுமதி கேட்டுப் பலகையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். வழியில் உள்ள நிறுத்தங்களுக்கு மட்டும் நேரில் போக வேண்டியிருக்கும். கூகுள் மேப்பிலிருந்து பெயர்த்து எடுக்காதீர்கள். மக்களே வரையும் வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும் இதை ஆரம்பத்திலிருந்தே தடை செய்திருக்கிறது.

இணைப்புகளைப் பகிரும் தளமான ரெட்டிட் தொடங்கிய நாட்களில் அதன் நிறுவனர்கள் பல போலிப் பெயர்களில் தாங்களே இணைப்புகளைப் பதிந்து தளத்தை நிரப்பினார்கள். நிரப்புவது அவசியம். போலிப் பெயர் அவசியமில்லை, சிறிய ஊரில் அது தெரிந்தும்விடும். உங்கள் பெயரிலேயே பதியுங்கள்.

ஆனால் நூற்றுக்கு நூறு நிரப்ப வேண்டாம். பத்துத் தேடலில் ஏழுக்கோ எட்டுக்கோ பதில் இருக்கட்டும். மீதி இடங்கள் கண்ணுக்குத் தெரியும் ஓட்டைகளாக இருக்கட்டும். விக்கிப்பீடியாவில் இன்னும் எழுதப்படாத கட்டுரைக்கான இணைப்பு சிவப்பாகத் தெரியும். தொட்டால் நேராக எழுதும் பெட்டி திறக்கும். உங்கள் பட்டியலிலும் "மாலை 5 முதல் 6 வரை தகவல் இல்லை. தெரியுமா?" என்று சிவப்பில் ஒரு வரி வரட்டும்.

படி 4: பயனர் கணக்கு கடைசியில்

பதிவு முதலில், பதிவு செய்பவரின் அடையாளம் பிறகு. முதல் மூன்று பதிவுகள் வரை எதுவும் கேட்காதீர்கள். நான்காவதில், "இவற்றை உங்கள் பெயரில் வைக்கட்டுமா?" என்று கேளுங்கள். ஓடிபி வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் காசு போவதோடு, இந்தியாவில் அப்படி எஸ்எம்எஸ் அனுப்பத் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் செய்யும் டிஎல்டி பதிவும் தேவை. மின்னஞ்சலுக்கு ஒரு நுழைவு இணைப்பு அனுப்பினால் போதும்.

படி 5: கெடுப்பதைவிடச் சரிசெய்வது எளிதாக இருக்கட்டும்

விஷமிகள் வருவார்கள். வராமல் தடுக்கச் சுவர் எழுப்பினால் நல்லவர்களும் வெளியே நிற்பார்கள். அதற்குப் பதில் மூன்று வசதிகளை முதல் நாளே கட்டுங்கள்: ஒவ்வொரு பதிவுக்கும் முழு வரலாறு; எல்லா மாற்றங்களையும் வரிசையாகக் காட்டும் 'அண்மைய மாற்றங்கள்' பக்கம்; ஒரே தொடுதலில் முந்தைய நிலைக்குத் திருப்பும் பொத்தான். ஒரு நிமிடம் செலவழித்துக் கெடுத்ததை ஐந்து விநாடியில் சரிசெய்ய முடிந்தால் விஷமி சலித்துப்போவார்.

பொத்தான் இருந்தால் மட்டும் போதாது, அதை அழுத்த ஆள் வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் 2005 ஜூனில் தன் தலையங்கத்தை வாசகர்களே திருத்தலாம் என்று திறந்துவிட்டது. ஆபாசப் படங்கள் குவிந்ததால் இரண்டு மூன்று நாட்களில் மூட வேண்டியதாயிற்று. முன்பின் பழக்கமே இல்லாத கூட்டம் ஒரே நாளில் வந்தது. இது நம் பக்கம் என்று காவல் இருக்க ஆள் சேரவில்லை. எனவே விளம்பரத்தைத் தள்ளிப்போடுங்கள். அண்மைய மாற்றங்களைத் தினமும் பார்க்க உங்களைத் தவிர இருவராவது கிடைத்த பிறகே பெரிய அறிவிப்பு.

தானியங்கிச் சல்லடை ஒன்றும் வையுங்கள். ஈ-பேர்டில் ஒவ்வொரு பகுதிக்கும் மாதவாரியாக எந்தப் பறவை எத்தனை தென்படலாம் என்று வரம்பு உண்டு. தாண்டினால் விவரம் கேட்கும். அந்தப் பகுதியைத் தெரிந்த தன்னார்வலர் ஒருவர் பார்ப்பார். அவர் உறுதிசெய்யாவிட்டால் பதிவு பொதுத் தரவுக்குப் போகாது, ஆனால் பதிந்தவரின் சொந்தப் பட்டியலில் அப்படியே இருக்கும். இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இரவு பத்தோடு நிற்கும் வழித்தடத்துக்கு யாராவது அதிகாலை 2 மணி என்று பதிந்தால், அதைப் பொதுப் பக்கத்தில் காட்டாமல் நிறுத்துங்கள். அவருடைய பக்கத்திலிருந்து அழிக்காதீர்கள். திருவிழா சிறப்பு பஸ்ஸாகவும் இருக்கலாம்.

பங்களிப்பவருக்குப் புள்ளிகள்? ஆரம்பத்தில் வேண்டாம். நிரல் எழுதுபவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டேக் ஓவர்ஃப்ளோவில் புள்ளிகள் பலன் தந்ததற்குக் காரணம் அவை அதிகாரமாக மாறியதுதான்: 15 வந்தால் ஆதரவு வாக்கு, 50 வந்தால் எங்கும் கருத்து, 2,000 வந்தால் மற்றவர் எழுதியதை அனுமதி கேட்காமல் திருத்தலாம், 3,000 வந்தால் கேள்வியை மூட வாக்களிக்கலாம். ஒரு பதிலுக்கு எதிர்வாக்குப் போட்டால் போடுபவருக்கே ஒரு புள்ளி குறையும், அதனால் யோசித்துப் போடுவார்கள். அதிகாரம் எதுவும் தராத வெறும் எண்ணைக் கொடுத்தால், எண்ணுக்காகக் குப்பை வரும்.

படி 6: முதல் ஐம்பது பேர்

இவர்களை ஒவ்வொருவராகக் கவனியுங்கள். வாசிப்பவர் நூறு பேரில் அவ்வப்போது கொடுப்பவர் ஒன்பது பேர், தொடர்ந்து கொடுப்பவர் ஒருவர் என்ற தோராயக் கணக்கை இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதினார். அதன்படி ஐம்பது பேர் நிலைக்க ஐயாயிரம் வாசகர் வேண்டும். ஒருவரை இழந்தால் இன்னொரு நூறு வாசகரைத் தேட வேண்டும்.

புதியவரின் பிழையைத் திருத்தும்போது என்ன எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே அவர் தங்குவார். "தவறான பதிவு, நீக்கப்பட்டது" என்று எழுதினால் அவர் போய்விடுவார். இப்படி எழுதலாம்: "வணக்கம். நீங்கள் பதிந்த 6.15 பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும் நேரம்போல் தெரிகிறது. இந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்று அடுத்த தடவை பார்த்தால் மாற்றிவிடுங்களேன். பட்டியலில் இல்லாத பஸ் இது, சேர்த்ததற்கு நன்றி." ஆங்கில விக்கிப்பீடியாவில் செயல்படும் தொகுப்பாளர்களின் எண்ணிக்கை 2007-இல் உச்சம் தொட்டுப் பிறகு குறைந்தது. புதியவர்களின் திருத்தங்களை அரைத் தானியங்கிக் கருவிகள் விளக்கமின்றித் திருப்பியடித்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

ஆண்டில் ஒரு நாள் குறித்துக் கூப்பிடுவதும் பலிக்கும். பொங்கல் விடுமுறையில் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் பார்த்துப் பதிந்தால் போதும் என்பதால் புதியவர்களும் வருகிறார்கள். பஸ் தளத்துக்கு ஜூனில் பள்ளி திறக்கும் வாரம் பொருத்தம். பஸ் நேரம் பலருக்கும் தேவைப்படும் சமயம் அது.

படி 7: உரிமம்

மக்கள் கொடுத்த தரவை யார், எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்வது உரிமம். இதைப் பிறகு பார்க்கலாம் என்று விடவே கூடாது. சிடி போட்டால் பாட்டுப் பெயர்களைக் காட்டும் சிடிடிபி தரவுத்தளம் 1990-களில் பயனர்கள் கையால் தட்டச்சு செய்து வளர்த்தது. பின்னால் அது வணிக நிறுவனத்தின் உடைமையாகிக் கட்டுப்பாடுகள் வந்தன. கொடுத்தவர்கள் கொதித்தார்கள், ஃப்ரீடிபி, மியூசிக்பிரெயின்ஸ் அதற்கு மாற்றாகப் பிறந்தவை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012-இல் உரிமம் மாற்றியபோது ஒவ்வொரு பங்களிப்பாளரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டியிருந்தது. ஒப்பாதவர்கள் வரைந்தவற்றை நீக்கினார்கள்.

பதிவுப் பொத்தானுக்குக் கீழேயே ஒரு வரி போடுங்கள். எழுத்துக்கும் படத்துக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0, நேரத் தரவுக்கு ஓப்பன் டேட்டாபேஸ் லைசன்ஸ். மூலத்தைக் குறிப்பிட்டு, மாற்றியதை அதே உரிமத்தில் வெளியிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்பதே இரண்டின் சாரம். முழுத் தரவையும் வாரம் ஒரு முறை எக்செல் போன்றவற்றில் திறக்கும் சிஎஸ்வி கோப்பாக யாரும் இறக்கிக்கொள்ளும்படி வையுங்கள். நாளை நீங்கள் தளத்தை மூடினாலும் தம் உழைப்பு போகாது என்று தெரிந்தவரே மனம்விட்டுக் கொடுப்பார். ஓட்டுநர், நடத்துநர் போன் எண்களைப் பதிய மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

படி 8: எதை எண்ணுவது?

உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். மாதம் ஒரு முறை மூன்றே எண்கள்: முதல் பதிவு செய்தவர்களில் எத்தனை பேர் 30 நாட்களுக்குள் இரண்டாவது பதிவு செய்தார்கள், தேடியவர்களில் எத்தனை பேருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, பிழை திருத்தங்களில் எத்தனை உங்கள் கை படாமல் நடந்தன. முதல் எண் சரிந்தால் படி 2-க்கும் 6-க்கும் திரும்புங்கள். இரண்டாவது கூடினால் படி 3. மூன்றாவது எண் தொடர்ந்து மூன்று மாதம் பாதிக்கு மேல் இருந்தால் அடுத்த பஸ் ஸ்டாண்டைத் திறக்கலாம். அதன் அண்மைய மாற்றங்களைப் பார்க்கும் பொறுப்பை அந்த ஊரில் தினமும் பஸ் ஏறும் ஒருவரிடம் கொடுங்கள்.