பனையோலைக்குத் தட்டை பிரஷ்

பாலக்காடு மாவட்டக் கொல்லங்கோட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் எதிரே நெல்லியாம்பதி மலை, நடுவில் வயல், வரப்பில் பனைகள். ஆயில் பெயின்டில் இதை வரையும்போது ரொம்ப நாளாக ஒரு தப்பு செய்தேன். பனையோலையின் ஒவ்வொரு நுனியையும் சின்ன பிரஷால் கோடு கோடாக இழுப்பேன். மரம் விறைத்து நிற்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதில் வராது.

இப்போது பன்றிமுடி வைத்த 8-ஆம் நம்பர் தட்டை பிரஷ்தான். பெயின்டைக் கெட்டியாக எடுத்து, ஓலைக் காம்பிலிருந்து வெளியே ஒரே இழுப்பு. முடியும் இடத்தில் மணிக்கட்டைத் திருப்பித் தூக்கிவிடுங்கள். முடி பிரிந்து விழும் கோடுகளே ஓலை நுனியாகிவிடும், அவ்வளவு அழகு! மறுபடி தொட்டால் அடியிலுள்ள ஈர நீலம் கலந்து சேறாகும். தூரத்து மலை விளிம்பை மட்டும் காய்ந்த மெத்தென்ற பிரஷால் லேசாக வருடுங்கள்.

பெயின்டில் கலக்க, அடிப்பூச்சுக்கு டர்பன்டைன், மேற்பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய். மாற்றிச் செய்தால் பின்னால் வெடிப்பு விடும்.