ஒரே ஆள், இரண்டு முகம்: மேடைப் பாத்திரத்தில் நன்மையும் தீமையும் சேரும்போது விடப்படும் பிழைகள்

பாடசாலைப் போட்டி, கோயில் திருவிழா மேடை, விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழா என்று மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எழுதப்படும் குறுநாடகங்களில் ஒரு வகை ஆள் அடிக்கடி வருவார். பகலில் ஊருக்கு நல்லவர், இரவில் வேறொருவர். கருவாகச் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். மேடையேறிப் பத்தாவது நிமிடத்தில் சபை தங்களுக்குள் கதைக்கத் தொடங்கிவிடும். பழி நடிகர் மேல் விழும். பிழை பெரும்பாலும் பிரதியில்தான் இருக்கும்.

விளக்கத்துக்கு ஒரு கற்பனை ஆளை வைத்துக்கொள்வோம். வயல் வட்டையில், அதாவது ஒரே குளத்துத் தண்ணீரில் விளையும் வயல்வெளியில், தண்ணீர் முறை பார்க்கும் வட்டவிதானையார். மழை குறைந்த சிறுபோகம், குளத்தில் தண்ணீர் குறைவு, வாய்க்கால் வாய்க்காலாக முறை வைத்துத் திறக்கிறார்கள். நேர்மைக்குப் பெயர்போன இந்த மனிதர் ஓரிரவு தனியே போய், மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வயலுக்கு மடையைத் திறந்து விடுகிறார்.

நடுவால் பிளப்பது

முதலாவதும் மிகப் பெரியதுமான பிழை இது. எழுதுபவர் தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் அன்பு, நேர்மை, பக்தி என்று நிரப்புவார்; மறுபக்கம் குடி, பேராசை, கோபம். அப்படிப் பிறப்பவர்கள் இருவர். நடிகர் மட்டும் ஒருவர். சபைக்கு எந்த ஆளைப் பின்தொடர்வது என்றே தெரியாது.

கர்ணனை எடுங்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் சடங்கையும் பாரதக் கதை ஆடும் வடமோடிக் கூத்தையும் பார்த்து வளர்ந்த சபைக்கு அவனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கவச குண்டலத்தை அறுத்துக் கொடுத்தவன். அதே ஆள்தான் கௌரவர் சபையில் திரௌபதியைக் கேவலமாகப் பேசியவன். இந்த இரண்டையும் இரண்டு கர்ணன்களுக்குப் பங்கு போட்டால் பாத்திரம் செத்துவிடும். குலம் கேட்டு அவமானப்படுத்திய அரங்கில் அங்க நாட்டைக் கொடுத்து நிமிர வைத்தவன் துரியோதனன். கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பதும் அந்த அவமானத்துக்குப் பதில்தான். துரியோதனன் மனம் குளிர எவரையும் ஏசுவதும் அங்கிருந்தே முளைக்கிறது. வேர் ஒன்று. வியாச பாரதத்தில், போருக்கு முன் தன்னைப் பாண்டவர் பக்கம் அழைக்க வரும் கண்ணனிடம், துரியோதனனை மகிழ்விக்கத்தான் கடுஞ்சொல் சொன்னேன், அதை நினைத்து வருந்துகிறேன் என்று அவனே சொல்கிறான். வருந்தியவன் பக்கம் மாறவில்லை. கர்ணனை இன்றும் கூத்துக்கு உயிருள்ள ஆளாக வைத்திருப்பது அந்த இடம்தான்.

தருமர் சூதுக்குப் போனதும் இப்படித்தான். பெரியவர் அழைத்தால் மறுக்கக்கூடாது, சவாலுக்கு வரமாட்டேன் என்று சொல்லக்கூடாது என்ற அவருடைய ஒழுங்குதான் மனைவியைப் பணயம் வைக்கும் இடம்வரை அவரை இழுத்துப் போகிறது.

வட்டவிதானையாருக்கு வருவோம். அவர் மடையைத் திறந்ததற்குப் பேராசையைக் காரணமாக எழுதினால் நாடகம் அங்கேயே முடிந்தது. மாறாக, சொன்ன சொல் தவறாதவர் என்ற பெயரே அவருடைய சொத்து என்று வையுங்கள். முறை மாறாது என்று வட்டைக்குச் சொல் கொடுத்திருக்கிறார். இந்தக் காணிக்குத் தண்ணீர் குறையாது என்று கலியாணம் பேசும்போது சம்பந்திக்கும் சொல் கொடுத்திருக்கிறார். இரண்டையும் காப்பாற்ற முடியாத ஒரு வருடம் வருகிறது. இப்போது அவரை நல்லவராக வைத்திருந்த குணமே அவரைக் களவுக்கு அனுப்புகிறது.

வேலையாகச் செய்வதற்கு ஒரு வழி: இந்த ஆளுக்கு எது போய்விடும் என்று பயம் என்பதை ஒரே வசனத்தில் எழுதுங்கள். வசனம் நீண்டால் பயம் இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். அதன் கீழே அவர் செய்யும் நல்ல செயல் மூன்று, தீய செயல் மூன்று. அந்த ஒரு பயத்தால் விளக்க முடியாத செயலை வெட்டுங்கள். நல்லவை மூன்றும் நின்று தீயவை மூன்றும் விழுந்தால், நீங்கள் எழுதியது பயமல்ல, பாராட்டு. திரும்ப எழுதவேண்டும்.

சாட்டு தேடிக் கொடுப்பது

அடுத்தது, தீய செயலுக்குப் பொறுப்பை வேறெங்கேயாவது தள்ளிவிடுவது. கசிப்பு என்ற கள்ளச்சாராயப் போத்தல் மிகச் சுலபமான சாட்டு. குடித்தார், செய்தார், விடிந்தது, அழுதார். இங்கே தீர்மானம் எடுத்தவர் எவருமில்லை. ஆகவே நாடகமும் இல்லை.

இந்த வகைக் கதை என்றதும் எல்லோரும் ஸ்டீவன்சன் 1886இல் எழுதிய ஜெக்கில், ஹைட் கதையைச் சொல்வார்கள். மருந்து குடித்தால் நல்லவர் கெட்டவராகிறார் என்பதுதான் அனேகருடைய நினைவில் மிஞ்சியிருப்பது. மூலக் கதை அப்படி இல்லை. மருந்தைத் தயாரித்தவரே ஜெக்கில். மதிப்பான பெயரை இழக்காமல் தன் ஆசைகளை அனுபவிக்க ஒரு மறைவிடம் தேவைப்பட்டது, தெரிந்துகொண்டே மறுபடி மறுபடி குடித்தார். முக்கியமானது இன்னொன்று: மருந்து குடித்ததும் அவர் மாறும் ஹைட் முழுத் தீயவன், ஆனால் ஜெக்கில் முழு நல்லவராக மாறவே இல்லை, எப்போதும்போல் நல்லதும் கெட்டதும் கலந்த பழைய மனிதராகவே இருக்கிறார். பிறகு மருந்தில்லாமலே ஹைட் வரத் தொடங்குகிறான். ஒரு காலை கண்விழிக்கும்போது போர்வை மேல் கிடப்பது ஹைட்டின் கை. தானே திறந்த கதவை மூட முடியாமல் போவதுதான் அந்தக் கதையின் பயங்கரம். மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டால் மிஞ்சுவது மந்திர வித்தை.

நோயைச் சாட்டாக வைப்பது இன்னும் மோசம். மனச்சிதைவு என்று பெயர் சொல்லி ஒருவருக்குள் இருவர் இருப்பதாகக் காட்டுகிறார்கள். அந்த நோயில் இல்லாத குரல் கேட்கலாம், நடக்காததை நடந்ததாக நம்பலாம், சிந்தனை ஒழுங்கு குலையலாம். இரண்டு ஆட்கள் உருவாவதில்லை. வெவ்வேறு ஆளடையாளங்கள் மாறி மாறி வருவது வேறொரு நிலை. பல்லாளுமை என்ற அதன் பழைய பெயரை 1994இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாடு விலகல் அடையாளக் கோளாறு என்று மாற்றியது. நினைவில் இடைவெளி விழுவது அதன் ஓர் அறிகுறி. சிறுவயதில் பட்ட கடும் துன்பத்தோடு அதை மருத்துவர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். அங்கேயும் ஒன்று நல்லது, ஒன்று கெட்டது என்ற பிரிவு கிடையாது. யுத்தத்தையும் 2004 சுனாமியையும் கண்ட கரையோரம் இது. சபையில் இருக்கும் யாரோ ஒருவரின் வீட்டில் மருந்து எடுப்பவர் இருப்பார்.

பேய் பிடித்தது, தெய்வம் வந்தது என்று முடிப்பதையும் இதில் சேருங்கள். வைகாசிச் சடங்கில் கண்ணகை அம்மன் முன் தெய்வம் ஆடுவதை ஊர் மரியாதையோடு பார்க்கிறது. அந்த ஆட்டத்தைக் கள்ளனின் சாட்டாக மேடையில் காட்டினால் சபை கோபப்படும். கோபப்படாவிட்டாலும், மடையைத் திறந்தவர் யார் என்ற கேள்வி கரைந்துபோகும்.

தீமைக்கு அடையாளம் ஒட்டுவது

கறுப்பு உடுப்பு, உரத்த சிரிப்பு, நொண்டல், தழும்பு. இவை பழகிப்போன பிழைகள், நீண்டு பேசத் தேவையில்லை. நொண்டலைத் தீமையின் அடையாளமாக்கினால் கால் இயலாத ஒருவர் வாங்கில் இருந்து அதைப் பார்ப்பார் என்பதை மட்டும் நினைத்தால் போதும்.

இங்கே கவனிக்கவேண்டியது பேச்சு. நல்ல முகம் மேடைச் செந்தமிழ் பேசும், கெட்ட முகம் வந்ததும் ‘மறுகா’வும் ‘ஒண்ணா’வும் வரும். தன் ஊர்ப் பேச்சையே கெட்டவன் பேச்சாக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியாது, ஆனால் போட்டி மேடைகளில் விடாமல் ஒட்டியிருக்கிறது. இதைவிடக் கூடாதது, தீய முகத்துக்குப் பக்கத்து ஊரின் அல்லது பக்கத்துச் சமூகத்தின் உடுப்பையும் உச்சரிப்பையும் கொடுப்பது. தமிழரும் முஸ்லிம்களும் வரம்போடு வரம்பாக வயல் செய்யும் மாவட்டங்கள் இவை. தீமை அயலிலிருந்து வருகிறது என்று காட்டிய நிமிடத்தில், ஒருவருக்குள் இருக்கும் தீமை பற்றிய நாடகம் இல்லாமல் போகிறது.

இரண்டு முகத்துக்கும் ஒரே பேச்சைக் கொடுத்துவிட்டு, மரியாதையின் அளவை மட்டும் மாற்றிப் பாருங்கள். களவுக்கு முதல் நாள், பக்கத்து வயற்காரர் வந்து, “விதானையார், எங்கட வாய்க்கால்ல தண்ணி நிண்டுபோச்சு” என்றால், “இரிடா, வந்து பாக்கன்” என்பார். களவுக்கு மறுநாள் அதே ஆள் அதே முறைப்பாட்டோடு வருகிறார். “வாங்க, இரிங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் பேசுவம்.” வயதில் இளையவருக்கு வந்த இந்தத் திடீர் மரியாதை போதும், சபை நிமிர்ந்து உட்காரும். இன்னொரு படி மேலே போகலாம்: முறை தவறி அரை மணி நேரம் தண்ணீர் எடுத்த ஏழை ஒருவரை அன்றைக்கே கூட்டத்தில் நிறுத்திக் கண்டிக்கட்டும். குற்றம் செய்த பிறகு சட்டத்தில் இறுக்கம் கூடுவது மனித இயல்பு. மேடையில் தீமை இப்படித்தான் நம்பும்படி தெரியும்.

மனச்சாட்சியை ஆளாக்குவது

வெள்ளை உடுத்த ஒருவர் வலத்தோளில், கறுப்பு உடுத்த ஒருவர் இடத்தோளில், நடுவில் நாயகன் காதைப் பொத்திக்கொண்டு. பத்து நாடகம் பார்த்தவர் இதில் ஐந்தையாவது பார்த்திருப்பார். இது தவறுவதற்குக் காரணம், நாயகனின் வேலையை வேறு இருவர் செய்துவிடுவதுதான். அவர் வெறுமனே தீர்ப்புக்குக் காத்திருக்கிறார்.

உள்மனதை வெளியே கொண்டுவரக் கூத்தில் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும் பக்கப்பாட்டுக்காரரும் ஆளின் புகழைப் பாடிக்கொண்டிருக்க, ஆடுபவர் அதற்கு எதிரான காரியத்தைச் செய்யலாம். ‘முறை தவறா விதானை வந்தார்’ என்ற கருத்தில் வரவுத் தரு, அதாவது ஆள் மேடைக்கு வரும் பாட்டு; சல்லரி தாளம் பிசகாமல் போகிறது; அவர் கை மடைப்பலகையைத் தூக்குகிறது. பாட்டையும் செயலையும் இணைத்துப் பார்க்கும் வேலையைச் சபையே செய்துகொள்ளும். 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தயாரித்த, சி. மௌனகுரு எழுதிய ‘இராவணேசன்’, வெறும் அரக்கனாக நின்ற இராவணனைத் துன்பியல் நாயகனாகக் களரிக்குக் கொண்டுவந்தது வடமோடி ஆட்டத்தையும் பாட்டையும் வைத்துத்தான். ஆகவே கூத்தில் சிக்கலான மனம் காட்ட முடியாது என்ற பேச்சை ஒருபக்கம் வையுங்கள்.

ஒரே தாவலில் விழுத்துவது

பதினைந்து நிமிட நாடகத்தில் பன்னிரண்டு நிமிடம் நல்லவர், பதின்மூன்றாவது நிமிடம் கள்ளன். இது நம்பும்படி வராது. முதல் வழுக்கல் ஐந்தாவது நிமிடத்துக்குள் வரவேண்டும். அது பார்ப்பவருக்கு நியாயமாகவே தெரியவேண்டும். மருமகன் வந்து, “மாமா, குடலையில கிடக்கு, இன்னும் நாலு நாள் போனா எல்லாம் சப்பிதான்” என்கிறார். கதிர் உள்ளே திரளும் குடலையிலும் பூவிலும் தண்ணீர் வற்றினால் நெல் பால் பிடிக்காது, சப்பியாய்ப் பதராகிவிடும் என்பதை இந்தச் சபைக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. “முறை வரட்டும் மனே” என்கிறார். ஆனால் அன்று மகளின் வயலுக்கும் தண்ணீர் கசியும் பக்கத்து வாய்க்காலைப் பூட்டப் போனவர் பத்து நிமிடம் பிந்திப் பூட்டுகிறார். இரண்டாவது தரம், பிந்தியதற்கு ஒரு காரணம் சொல்கிறார். மூன்றாவது தரம்தான் இரவு, டோர்ச் லைட் அணைத்தபடி. மூன்று படி போதும். ஐந்து படி வைத்தால் காட்சி மாற்றவே நேரம் போய்விடும்.

ஒளியை நம்பி இருப்பது

முகம் மாறுவதைக் காட்ட ஒரு பழைய உத்தி உண்டு. சிவப்பு ஒப்பனைக் கோடுகள் சிவப்பு ஒளியில் தெரியாது. பச்சை அல்லது நீல ஒளி வந்ததும் கறுத்துத் தெரியும். ரூபன் மமூலியன் 1931இல் எடுத்த ஜெக்கில், ஹைட் படத்தில், கறுப்பு வெள்ளைப் படம் என்பதால், நிற வடிகட்டிகளை வைத்து இதைச் செய்தார்கள். எல்ஈடி விளக்கு வைத்திருக்கும் மண்டபத்தில் நாமும் செய்யலாம்: கண்ணின் கீழும் கன்னக் குழியிலும் சிவப்புக் கோடு, சிவப்பிலிருந்து நீலத்துக்கு மெதுவான மாற்றம். ஒரு வெள்ளை டியூப் லைட் எரிந்தாலே கோடு முன்கூட்டியே தெரிந்துவிடும். கோயில் வீதியில் திறந்த மேடை என்றால் கைவிடுங்கள். கருமை கூடிய தோலில் கோடு அவ்வளவு எடுபடாது, ஆகவே அதே நடிகரில் அதே விளக்கில் முன்கூட்டியே பார்க்கவேண்டும். வட்டவிதானையார் போன்ற ஆளுக்கு இது தேவையே இல்லை.

முடிவில் கழுவி விடுவது

கடைசி நிமிடத்தில் பொலிஸ் வரும், அல்லது நாயகன் காலில் விழுந்து அழுவார், அல்லது கிருமிநாசினிப் போத்தலோடு வருவார். மூன்றாவதைப் பாடசாலை மேடையில் அறவே வைக்கவேண்டாம். தற்கொலையை வழியாகக் காட்டும் காட்சி மனமுடைந்திருக்கும் பிள்ளைக்கு ஆபத்து. மற்ற இரண்டும் பாத்திரத்தை மறுபடி நடுவால் பிளக்கின்றன: கெட்ட பாதி போய்விட்டது, இனி எல்லாம் நல்லது என்று. செயலின் விளைவைக் காட்டுங்கள். சப்பியாகிப்போன பக்கத்து வயல், நன்றாக விளைந்த மகளின் வயல், அடுத்த போகத்துக்கான கூட்டத்தில் மறுபடி அவருடைய பெயரே முன்மொழியப்படுவது. அவர் என்ன சொல்கிறார் என்பது எழுதுபவரின் தெரிவு.

கடைசி ஒத்திகைக்கு இரண்டு கிழமைக்கு முன், பிரதியை முன்பு கேட்டிராத இருவரை இருத்தி வாசித்துக் காட்டுங்கள். எது நல்ல பக்கம், எது கெட்ட பக்கம் என்று கேட்கவேண்டாம். எந்த இடத்தில் இவர் வேறு வழியால் போயிருக்கலாம் என்று கேளுங்கள். இருவரும் மடை திறந்த இரவையே காட்டினால், முதல் இரண்டு படிகளும் மெலிந்து கிடக்கின்றன, அவற்றைத் திருத்துங்கள். எந்த இடத்தையும் காட்ட முடியவில்லை என்றால், எங்கேயோ ஒரு சாட்டு ஒளிந்திருக்கிறது. அதைத் தேடி எடுக்கும்வரை நடிகருக்குப் பாடம் கொடுக்கவேண்டாம்.