ஷவர்மா கடை போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய்வந்தவர்கள் வழியாகக் கேரளத்தில் பரவிய ஷவர்மாவும், ஏமன் நாட்டு இறைச்சிச் சோறான மந்தியின் வகையான குழிமந்தியும் வாளையாறு எல்லையைத் தாண்டிக் கோயம்புத்தூரின் மாலை நேர உணவாகிவிட்டன. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் இளைஞர்கள் ஷவர்மா மாஸ்டர்களிடம் தொழில் பழகி, சொந்தமாகக் கடை போடக் கிளம்புகிறார்கள். நல்ல தொழில்தான். ஆனால் 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி இறந்ததையும், 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி இறந்ததையும் அவர்கள் மறக்கக் கூடாது.

பெருந்தவறு, செங்குத்தாக நிற்கும் கம்பியில் அடுக்கும் இறைச்சியின் அளவிலேயே தொடங்கிவிடுகிறது. பக்கவாட்டில் எரியும் அடுப்பு வெளிப்புற அடுக்கை மட்டுமே வேகவைக்கும். வெந்ததைச் சீவியெடுத்த பிறகுதான் அடுத்த அடுக்கு நெருப்பைப் பார்க்கும். ஆகவே விற்பனை மந்தமான கடையில் பெரிய அடுக்கை ஏற்றினால், உள்ளிருக்கும் கோழி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடந்து, 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் கிருமிகள் பெருக இடம் கொடுக்கிறது. ஆள் இல்லாதபோது காஸ் மிச்சம் பிடிக்க அடுப்பை அணைத்து வைப்பதும், திடீரென்று கூட்டம் சேர்ந்ததும் பழுப்பேறிய அடுக்கைத் தாண்டிக் கத்தியை ஆழமாக ஓட்டுவதும் இதன் தொடர்ச்சிதான். தட்டில் விழும் துண்டுகளைக் கவனித்துப் பாருங்கள்: ஓரம் மட்டும் சிவந்து, நடுவில் வெளிர் ரோஜா நிறமும் நீர்க்கசிவும் இருந்தால் அது வேகாத கோழி. சீவியதைக் கல்லில் போட்டு, உள்ளே 74 டிகிரி சூடேறும்வரை புரட்டிய பிறகே குப்பூஸ் என்ற அரபு ரொட்டியில் வைக்க வேண்டும். ஒரு மாலையில் விற்றுத் தீரும் அளவுக்கு மட்டும் அடுக்குங்கள். மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் புது இறைச்சியோடு சேர்த்து அடுக்குவதை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது.

அடுத்தது, ஷவர்மாவில் தடவும் வெள்ளைக் கலவையான மயோனைஸ். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால், பச்சை முட்டை மயோனைஸைக் கேரளம் 2023 ஜனவரியிலேயே தடை செய்தது; தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை விதித்தது. முட்டையில்லாத மயோனைஸையோ, பாஸ்டுரைஸ் செய்த (மிதமான சூட்டில் கிருமி நீக்கிய) முட்டையில் தயாரித்ததையோ வாங்குவதால் மட்டும் கவலை தீர்ந்துவிடாது. டப்பாவைத் திறந்து அடுப்புக்குப் பக்கத்திலேயே இரவுவரை வைத்திருந்தால் அதுவும் கெட்டுப்போகும்.

பச்சைக் கோழியைத் தொட்ட கத்தியும் பலகையும், வேகவைக்காமல் வைக்கும் முட்டைக்கோஸின் பக்கம் வரக் கூடாது. கையுறை போட்ட கையாலேயே காசு வாங்குவதென்றால் அந்தக் கையுறையால் பயனில்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் ஒரு நாள்கூடக் கடையைத் திறக்காதீர்கள்.

பார்சலை நம் கடைக்காரர்கள் பொருட்படுத்துவதே இல்லை. தயாரித்த நேரத்தையும், ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும் பார்சலில் குறிக்கும்படி கேரளத்தின் 2022 வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. கோயம்புத்தூர் உக்கடத்தில் வாங்கியதைப் பாலக்காடு பேருந்தில் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். வாங்குகிறவர் எங்கே போகிறார் என்று கேளுங்கள். தூரம் என்றால் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள்.