ஐப்பசி முதல் மாசி வரை கூரைப் பராமரிப்பு

செங்கோட்டை, புளியரை, பண்பொழி வட்டாரத்தில் வீட்டுக் கூரைக்கு ஆண்டில் இரண்டு சோதனைகள் உண்டு. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்று ஓடுகளை நகர்த்திவிட்டுப் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வரும் மழை, நகர்ந்த ஓடு எது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. பின்னால் வரும் மார்கழிப் பனியோ நனைந்த கூரையை எளிதில் காயவிடுவதில்லை. ஆகவே ஒழுகும் இடத்தை மழையின்போதே குறித்துவைத்து, கூரை உலர்ந்த தை, மாசியில் சரிசெய்வதுதான் எங்கள் பக்கத்துக்குப் பொருந்தும் முறை. மழைக்கு நடுவே ஈரத்தின்மேல் அவசரமாகப் பூசும் சிமென்டும் தாரும் பிடித்து நிற்பதில்லை.

ஓட்டு வீட்டில் சொட்டும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. உள்ளே இறங்கிய நீர் கூரைச் சரிவில் இறங்கும் கைமரத்தையோ, அதன் குறுக்கே ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டத்தையோ பிடித்துக்கொண்டு சில அடி சரிந்து வந்த பிறகே கீழே சொட்டும். மழை பெய்துகொண்டிருக்கும்போதே டார்ச் விளக்கை அடித்து, மரத்தில் தெரியும் ஈரக்கோட்டை மேல்நோக்கித் தொடர்ந்து சென்று, அது தொடங்கும் இடத்தில் ஒரு துணிக்கிழிசலைக் கட்டிவிடுங்கள். நனைந்த மரத்தில் சாக்குக்கட்டி எழுதாது. வெயில் நாளில் வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தால் ஓடு விலகிய இடங்களில் வெளிச்சம் கீற்றாகத் தெரியும். குற்றாலத்தை ஒட்டிய ஊர்களில் காற்றைவிடக் குரங்குகள் நகர்த்தும் ஓடுகளே அதிகம் என்பது என் கணக்கு.

ஓடு மாற்றுவது கடினமான வேலையல்ல. மேல் வரிசை ஓட்டைச் சற்றே தூக்கிப் பிடித்து, உடைந்ததை உருவி எடுத்து, புதியதை அதே வழியில் செலுத்தி, அதன் அடியிலுள்ள மூக்கு ரீப்பரில் மாட்டிக்கொண்டதா என்று பார்த்தால் போதும். சிக்கல் ஓடு கிடைப்பதில்தான். 1865இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் தொடங்கிய ஆலையைப் பின்பற்றிப் பலரும் இந்த மங்களூர் வகை ஓட்டைச் செய்தார்கள். ஆனால் ஆலைக்கு ஆலை அச்சு சிறிது மாறும் என்பதால், ஓர் ஆலையின் ஓடு மற்றொன்றின் பள்ளத்தில் சரியாக அமராது. பழைய வீட்டை இடிப்பவர்களிடமிருந்து உங்கள் ஓட்டில் உள்ள அதே முத்திரை கொண்டதாக இருபது ஓடுகளையாவது வாங்கிக் கொல்லையில் அடுக்கிவையுங்கள். இரண்டு சரிவுகள் சேரும் கூடுவாயில் இலைச்சருகு அடைத்தால் நீர் எதிர்த்து ஏறி ஓட்டுக்குள் புகும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அதை வழித்துவிட வேண்டும். பாசி பிடித்த ஈர ஓட்டின்மேல் எக்காரணம் கொண்டும் ஏறக் கூடாது.

தகரக் கொட்டகை வைத்திருப்பவர்கள் மார்கழியில் ஒரு ஏமாற்றத்துக்கு ஆளாவதுண்டு. எங்கள் அடுப்படியை ஒட்டிய தகரச் சாய்ப்பில், மழையே இல்லாத விடியற்காலைகளில் நீர் சொட்டியது. ஆணித்துளை ஒவ்வொன்றிலும் தார் வைத்து அடைத்தும் நிற்கவில்லை. பிறகுதான் புரிந்தது: இரவில் தகரம் குளிர்ந்துவிட, அடுப்படியின் ஆவி அதன் அடிப்புறத்தில் வியர்த்துச் சொட்டுகிறது. சுவருக்கும் தகரத்துக்கும் இடையே அடைத்திருந்த சாக்கை எடுத்துக் காற்றோட்டம் விட்டதும் சொட்டு நின்றது. தார் வாங்குவதற்கு முன், மழை பெய்யாத நாளிலும் சொட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கான்கிரீட் தட்டட்டிக்கு, அதாவது மொட்டைமாடிக்கு, முதல் எதிரி தேங்கும் நீர். ஆயிரம் சதுர அடியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அதன் எடை 900 கிலோவைத் தாண்டும். மழை விட்டதும் மேலே சென்று, நீர் எங்கே நிற்கிறது என்பதைக் கரித்துண்டால் சுற்றிக் கோடிட்டுக்கொள்ளுங்கள். தை மாதத்தில் சரிவு கொடுத்துப் பூச வேண்டிய இடங்கள் அவையே. நீர் இறங்கும் குழாய் வாயில் வேப்பிலையும் தென்னம்பூவும் அடைக்காதபடி வலை போடுவது நல்லது, அந்த வலையையும் அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வெறுமனே பிடுங்கினால் வேர் உள்ளேயே தங்கி மீண்டும் துளிர்க்கும். காரையைக் கொத்தி, வேரை முழுதாக எடுத்த பிறகே பூச வேண்டும்.

தட்டட்டியின் மேல் பதித்த தட்டையான ஓடான தட்டோட்டின் இணைப்புகளில் விரிசல் கண்டால், அதன்மேல் அப்படியே பூசாமல், உளியால் சற்று அகலப்படுத்தி, தூசியை ஊதிவிட்டு, விரிசல் நிரப்பும் கலவையை அழுத்தி அடையுங்கள். நீர்க்காப்புப் பூச்சு அடிப்பதற்கு முன்பு தளம் உலர்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய இயலாது. ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் டேப்பால் தளத்தில் ஒட்டி, ஒரு முழு இரவு விட்டுவிடுங்கள். காலையில் தாளை உரிக்கும்போது அடிப்புறம் முத்துமுத்தாக வியர்த்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்துத் தெரிந்தாலோ, பூச்சை இன்னும் சில நாள் தள்ளிப்போடுங்கள். பூசும் நாளிலும் பனி முழுதும் காய்ந்த பிறகே, அதாவது காலை பத்து மணிவாக்கில், தொடங்கி, மாலைப் பனி இறங்குவதற்குள் பூச்சு காயும்படி மூன்று மணிக்குள் நிறுத்திவிடுவது உத்தமம். முதல் பூச்சைத் தெற்கு வடக்காக அடித்தால் இரண்டாவதைக் கிழக்கு மேற்காக அடிக்க வேண்டும்.

எல்லாம் காய்ந்த பின்பு, குழாய் வாயைத் துணியால் அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்கு நீர் கட்டி ஒரு நாள் விட்டு, உள்ளே மச்சுப்பக்கம் ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். மர உத்திரங்கள் தாங்கும் பழைய செங்கல் மச்சாக இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம். அந்த எடையை உளுத்துப்போன உத்திரம் தாங்குமா என்பது மேலே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.