வானம் மட்டும் கெட்டுப்போன படம்

ஹப்புத்தளை நண்பர் படங்களை ரேடியோவில் ஒலியாக அனுப்புவார். பண்டாரவளையில் நான் அந்த ஒலியை மடிக்கணினி மைக்கில் வாங்கி, மென்பொருளால் படமாக்குவேன். படத்தின் மேல் வரிகள் மட்டும் தெளிவாக வந்தன. அப்புறம் ஒரே புள்ளி. மலை மறைக்கிறதென்று அன்டெனாவைக் கூரைக்கு மேல் ஏற்றினேன், வயரை மாற்றினேன். ம்ஹூம்.

விநோதம் என்னவென்றால், அந்தப் புள்ளிகளுக்கு நடுவிலும் படத்திலிருந்த எழுத்துகளின் விளிம்பு கூர்மையாகவே இருந்தது. வெறும் வானம்தான் கெட்டது. படத்தின் வெளிச்ச அளவுதான் ஒலியின் சுருதியாக வருகிறது: கறுப்புக்கு 1500 ஹெர்ட்ஸ், வெள்ளைக்கு 2300. ஒரே நிறம் நீண்டால் ஒரே சுருதி நீளும். மடிக்கணினி மைக்கின் 'இரைச்சல் குறைப்பு' அதை ஃபேன் சத்தமாக எண்ணி அமுக்கியிருக்கிறது! பேச்சு சுத்தமாகக் கேட்டதால் அந்தப் பக்கம் சந்தேகமே போகவில்லை.

அதை அணைத்ததும் மார்ட்டின் 1 என்ற பட அனுப்பு முறையில் 114 விநாடிப் படம் முழுசாக இறங்கியது. அப்பாடா. படம் லேசாகச் சாய்ந்திருந்தது. அது சவுண்ட் கார்டின் (கணினியின் ஒலிப் பகுதி) கடிகார வேக வித்தியாசம், மென்பொருளின் சாய்வுத் திருத்தத்தில் சரியாயிற்று.