விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு நாஸ் பெட்டிக்கு பேக்கப் போகவில்லையா?

என் மாமா ஒரு சின்ன போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறார். கல்யாணப் படங்கள் எல்லாம் கடைக் கணினியில் இருக்கும். அவற்றின் நகல் பின்னறையில், ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாஸ் பெட்டிக்கு, அதாவது நெட்வொர்க் வழியாக ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க் பெட்டிக்குப் போகும். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிகிறதே என்று, அதற்கு முந்தைய வாரம் நான்தான் அந்தக் கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து போன் வந்தது.

"மாப்ளே, பெட்டி செத்துப்போச்சு போல. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்குதுன்னு இங்கிலீஷ்ல வருது. இங்க நிறுவனம்னா நான் ஒருத்தன்தானே? நான் எதையும் தடுக்கலையே!"

பெட்டி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று வாரமாக ஒரு படம்கூட அதற்குள் போகவில்லை. அந்தச் செய்தியும் மாமா தற்செயலாகப் பெட்டியைத் திறக்கப் போனதால்தான் கண்ணில் பட்டது. இதே நிலையில் நீங்கள் இருந்தால் கீழே உள்ளதை வரிசையாகச் செய்து பாருங்கள். ஒரு மணி நேர வேலை. நெட்வொர்க் பற்றி முன்னறிவு எதுவும் தேவையில்லை.

எதையும் தொடுவதற்கு முன்

முக்கியமான ஃபோல்டர்களை ஒரு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் இன்றே நகலெடுத்து வையுங்கள். பேக்கப் நின்றுபோன நாள் முதல் உங்களிடம் இருப்பது ஒரே பிரதி. அதைக் கையில் வைத்துக்கொண்டு பழுது பார்க்க உட்காரக் கூடாது.

இன்னொன்று. பெட்டியின் உள்ளே இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி நேரடியாகக் கணினியில் மாட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். பெரும்பாலான நாஸ் பெட்டிகள் லினக்ஸ் முறையில் டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும். விண்டோஸுக்கு அது புரியாது. "இதைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று கேட்கும். அவசரத்தில் சரி என்று அழுத்திவிட்டால் அத்தனை வருடப் பேக்கப்பும் போய்விடும்.

படி 1: பெட்டி உயிரோடு இருக்கிறதா?

முதலில் பெட்டியின் ஐபி எண், அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரி வேண்டும். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால், இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலில் இருக்கும். 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம்.

கணினியில் கமாண்ட் ப்ராம்ப்டை (கட்டளைகளை அடிக்கும் ஜன்னல்) திறந்து, பிங் (ping) கட்டளையை அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைக் கொடுங்கள். நான்கு வரிகளில் பதில் வந்தால் கம்பியும் ரவுட்டரும் சரி. பதில் வரவில்லை என்றால் உடனே விண்டோஸைத் திட்ட வேண்டாம். பெட்டியின் ஐபி எண் மாறியிருக்கலாம். லேப்டாப் தவறிப்போய் விருந்தினருக்கான வைஃபையில் இணைந்திருக்கலாம். அந்த வைஃபையில் இருப்பவர்கள் வீட்டின் மற்ற சாதனங்களைப் பார்க்க முடியாதபடி ரவுட்டர்கள் பொதுவாகத் தடுத்துவிடும். அலுவலக விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும் இப்படி ஆகும்.

ஐபி எண் மாறியதுதான் காரணம் என்றால், ரவுட்டரில் அந்தப் பெட்டிக்கு ஒரே எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். அடுத்த மின்வெட்டுக்குப் பிறகும் அதே எண் இருக்கும்.

படி 2: பட்டியலில் காணோம் என்றால் கதவைத் தட்டிப் பாருங்கள்

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் இடப்பக்கம் நெட்வொர்க் என்று ஒன்று இருக்கும். அதில் பெட்டியின் பெயர் தெரியவில்லை என்றதுமே பலர் பெட்டி பழுது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பட்டியல் வேறு, இணைப்பு வேறு. பழைய நாஸ் பெட்டிகள் தங்கள் பெயரை அறிவிக்கப் பயன்படுத்திய வழி எஸ்எம்பி 1 என்ற பழைய நெறிமுறையை (கணினிகள் ஃபைல்களைப் பகிரப் பேசிக்கொள்ளும் முறை) சார்ந்தது. அது இல்லாத கணினியில் பட்டியல் வெறுமையாக இருக்கும். பெட்டி பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்.

அதனால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் மேலே உள்ள முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்று நேரடியாக அடித்து என்டர் தட்டுங்கள். சாய்கோடுகள் இடப்பக்கம் சாய்ந்தவை, இரண்டு வேண்டும். இப்போது நான்கில் ஒன்று நடக்கும்.

ஃபோல்டர்கள் தெரிந்து, உள்ளேயும் போக முடிந்தால் படி 5-க்குத் தாவுங்கள். உங்கள் சிக்கல் பேக்கப் மென்பொருளில்தான்.

பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டால் படி 4. பெட்டியில் உங்களுக்கு யூசர் இல்லை என்றால், படி 3-இன் பட்டியலில் உள்ளபடி ஒன்றை உருவாக்கிவிட்டு அங்கே வாருங்கள்.

மாமாவுக்கு வந்தது போல நிறுவனத்தின் கொள்கை என்றோ, கையொப்பம் செல்லாது என்ற பொருளிலோ செய்தி வந்தால் படி 3.

நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்று, 80070035 என முடியும் எண்ணோடு வந்தாலும் படி 3-ஐப் பாருங்கள். பிங் பதில் தருகிறது, பாதை மட்டும் கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் நெறிமுறைத் தகராறுதான்.

படி 3: பூட்டில்லாத வீட்டுக்குப் பூட்டுப் போடுவது

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

விண்டோஸும் நாஸ் பெட்டியும் பேசிக்கொள்ளும் மொழியின் பெயர் எஸ்எம்பி. பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் சாம்பா என்ற இலவச மென்பொருள். 1990-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுதத் தொடங்கியது. எஸ், எம், பி மூன்று எழுத்துகளும் வருகிற சொல் ஒன்றை அகராதிக் கோப்பில் தேடி எடுத்த பெயராம் அது.

இந்தச் சாம்பாவில் ஒரு வசதி உண்டு. தெரியாத பெயரில் யாராவது வந்தால், திருப்பி அனுப்பாமல் விருந்தினர் என்று எழுதிக்கொண்டு உள்ளே விட்டுவிடலாம். பல வீட்டுப் பெட்டிகள் இப்படித்தான் அமைக்கப்பட்டிருந்தன. உங்கள் கணினி தன் பெயரைச் சொல்லும், பெட்டிக்கு அது யாரென்றே தெரியாது, ஆனாலும் உள்ளே விடும். இத்தனை நாளும் பாஸ்வேர்டு கேட்காமல் வேலை செய்ததற்கு அதுதான் காரணம்.

2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, குறிப்பாக அதன் புரோ வகை, இரண்டு விஷயங்களை மாற்றிவிட்டது. ஒன்று, விருந்தினராக நுழைவதை அது ஏற்காது. இரண்டு, போகிற வருகிற ஒவ்வொரு செய்தியிலும், நடுவில் யாரும் அதை மாற்றவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இருக்க வேண்டும் என்கிறது. கையொப்பத்துக்கான சாவி பாஸ்வேர்டிலிருந்து பிறப்பது. விருந்தினருக்குப் பாஸ்வேர்டு கிடையாது, ஆகவே கையொப்பமும் கிடையாது. அடுத்து வந்த 25எச்2-விலும் இதே கதைதான். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் உங்கள் பதிப்பு எது என்று தெரியும்.

கணினியின் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) ஒன்றிரண்டு எண்களை மாற்றி விருந்தினர் நுழைவைத் திரும்பத் திறந்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். வேலை செய்யும். ஆனால் நான் செய்ய மாட்டேன். பாஸ்வேர்டு இல்லாத பேக்கப் பெட்டியை, உங்கள் வைஃபைக்குள் வந்துவிட்ட எவரும், எந்த வைரஸும் திறந்து எழுதலாம், அழிக்கலாம். பேக்கப்பே அப்படி அழிந்தால் மீட்டெடுக்கத்தானே வைத்திருக்கிறோம்? ஆகவே பெட்டியின் பக்கம் சரிசெய்வோம்.

பிரவுசரில் பெட்டியின் ஐபி எண்ணை அடித்து, அதன் நிர்வாகப் பக்கத்துக்குள் போங்கள். ஒவ்வொரு நிறுவனமும் மெனுக்களுக்கு வேறு வேறு பெயர் வைத்திருக்கும். தேட வேண்டியவை இவை:

- பெட்டியின் சொந்த மென்பொருளுக்கு அப்டேட் இருந்தால் முதலில் அதைப் போடுங்கள். நடுவில் கரண்ட் போகாத நேரமாகப் பாருங்கள், அல்லது யுபிஎஸ்-ஸில் இணையுங்கள்.
- எஸ்எம்பி அமைப்பில், குறைந்தபட்ச நெறிமுறை எஸ்எம்பி 2, அதிகபட்சம் எஸ்எம்பி 3 என்று வையுங்கள். சைனிங் (கையொப்பம்) என்று ஒரு தேர்வு இருந்தால் ஆன் அல்லது ஆட்டோ.
- பேக்கப்புக்கென்றே ஒரு புதிய யூசரை உருவாக்கி நல்ல பாஸ்வேர்டு கொடுங்கள். அட்மின் கணக்கை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். இந்த யூசருக்குப் பேக்கப் ஃபோல்டரில் மட்டும் படிக்க, எழுத அனுமதி போதும்.
- கடைசியாக, விருந்தினர் அணுகலை அணைத்துவிடுங்கள்.

உங்கள் பெட்டிக்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும், அப்டேட்டும் வரவில்லை என்றால்? அந்தப் பெட்டிக்கு ஓய்வு கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ், விண்டோஸின் எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. அந்த நெறிமுறையைத் திரும்ப உயிர்ப்பித்து பேக்கப் எடுப்பதைவிட, ஒரு யுஎஸ்பி டிஸ்க் வாங்கிக்கொள்வது மேல். பழைய பெட்டியில் உள்ளதை எடுக்க, அதன் நிர்வாகப் பக்கத்தில் பிரவுசர் வழியாக டவுன்லோடு செய்யும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: விண்டோஸ் மனதில் வைத்திருக்கும் பழைய பெயரை அழிப்பது

பெட்டியில் புது யூசர் தயார். ஆனால் கணினி இன்னும் பழைய அடையாளத்தையே காட்டிக்கொண்டிருக்கும். கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, அதில் விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதிக்குப் போங்கள். பெட்டியின் பெயரிலோ எண்ணிலோ ஏதாவது இருந்தால் நீக்குங்கள். பிறகு புதிதாக ஒன்றைச் சேருங்கள்: முகவரியில் 192.168.1.20, அதன்கீழ் புது யூசரின் பெயர், பாஸ்வேர்டு. எண்ணைக் கொடுத்துச் சேமித்தால் எண்ணை அடித்துப் போகும்போது மட்டும்தான் அது உதவும். பெட்டியின் பெயரை அடித்தால் விண்டோஸுக்கு அது வேறு ஆள். ஏதாவது ஒன்றையே எப்போதும் பயன்படுத்துங்கள்.

மாமா இங்கே பத்து நிமிடம் போராடினார். கணினியைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் எண்ணையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார். அந்த எண் அந்தக் கணினிக்குள் மட்டும் செல்லும். இங்கே கேட்பது பெட்டியில் உருவாக்கிய யூசரின் பாஸ்வேர்டு.

எல்லாம் சரியாக அடித்தும் ஏற்கவில்லை என்றால், யூசர் பெயருக்கு முன்னால் பெட்டியின் பெயரையும் ஒரு பின்சாய்கோட்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே பெட்டிக்கு இரண்டு பெயர்களில் நுழையக் கூடாது என்று செய்தி வந்தால், பழைய இணைப்பு இன்னும் திறந்திருக்கிறது என்று பொருள். கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும்.

இப்போது மறுபடி \\192.168.1.20 அடித்து உள்ளே போய், ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலை உருவாக்கி, அழித்துப் பாருங்கள். இரண்டும் முடிந்தால் எழுதும் உரிமை கிடைத்துவிட்டது.

படி 5: பேக்கப் மென்பொருளுக்கு வழி சொல்வது

விண்டோஸுடன் வரும் ஃபைல் ஹிஸ்டரி என்ற பேக்கப் வசதியை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் 11-இல் அதை செட்டிங்ஸில் தேடினால் ஒன்டிரைவ் பக்கம்தான் இழுத்துக்கொண்டு போகும். கண்ட்ரோல் பேனலில் இருக்கிறது. அங்கே டிரைவைத் தேர்ந்தெடு என்ற இடத்துக்குப் போய், நெட்வொர்க் இடத்தைச் சேர் என்பதை அழுத்தி, ஐபி எண்ணுடன் கூடிய முழுப் பாதையையும் கொடுங்கள். பிறகு ஆன் செய்து, இப்போதே ஓடு என்பதை அழுத்துங்கள்.

வேறு பேக்கப் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பெட்டியை இசட் டிரைவ் என்று எழுத்து கொடுத்து இணைத்திருப்பீர்கள். அந்த எழுத்து நீங்கள் லாகின் செய்த அமர்வுக்கு மட்டும் சொந்தம். பின்னணியில் சர்வீஸாக ஓடும் மென்பொருளின் கண்ணுக்கு அது தெரியாது. அதனால் அங்கேயும் இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கும் பாதையையே கொடுத்து, யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் அந்த மென்பொருளுக்குள்ளேயே பதியுங்கள்.

முதல் ஓட்டம் மெதுவாகத்தான் இருக்கும். உங்கள் ரவுட்டரின் போர்ட் 100 மெகாபிட் வேகம் கொண்ட பழையது என்றால் வினாடிக்குச் சுமார் 11 மெகாபைட்தான் போகும். 500 ஜிபி போய்ச் சேர 12, 13 மணி நேரம் ஆகிவிடும். கம்பியில் இணைத்து, கணினி தூங்கிவிடாதபடி ஸ்லீப்பை அணைத்துவிட்டு இரவில் ஓடவிடுங்கள்.

படி 6: திரும்ப எடுத்துப் பாருங்கள்

பச்சை டிக் வந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஏதாவது ஒரு படத்தை ஃபைல் ஹிஸ்டரி வழியாகத் திரும்ப எடுத்து, டெஸ்க்டாப்பில் வைத்து, திறந்து பாருங்கள். அப்புறம் பெட்டிக்குள்ளேயே போய் ஃபைல் ஹிஸ்டரி உருவாக்கிய ஃபோல்டரைத் திறங்கள். உங்கள் கணினியின் பெயருக்குள்ளே, ஒவ்வொரு ஃபைல் பெயரின் கடைசியிலும் தேதியும் நேரமும் அடைப்புக்குறிக்குள் இருக்கும். மாதம் ஒருமுறை அந்தத் தேதியைப் பார்த்தாலே பேக்கப் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று தெரிந்துவிடும்.

அந்த நேரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். இந்தியாவிலோ இலங்கையிலோ இருப்பவர்கள் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இதை நான் மாமாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். மறுநாள் பத்து மணிக்கு மறுபடியும் போன்: "மாப்ளே, விடிகாலை நாலேகாலுக்கு எவனோ கடைக்குள்ள புகுந்து என் கம்ப்யூட்டரைத் தொட்டிருக்கான்!" அவர் கடையைத் திறந்து பேக்கப்பை ஓடவிட்டது காலை ஒன்பதே முக்காலுக்கு.